மூன்று கடல் தாண்டிய பலகை

மட்டாஞ்சேரியில் பாசியை யாரும் அழுக்கில் சேர்ப்பதில்லை. மழை ஓய்ந்ததும் முற்றமும் படியும் மதிலும் பச்சையாகிவிடும். பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கிறது என்பார்கள். வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்த பிறகுதான் அது பாசி. உடனே ப்ளீச்சிங் பவுடரை அள்ளி இறைத்து, கண்ணெரிச்சலோடு சில நாள் நடமாடிவிட்டு, அடுத்த எலும்பு முறியும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

இந்த ஊரில் கழுவுவதைத் தொழிலாக்கலாம் என்று ஒருத்திக்குத் தோன்றுகிறது என்றால் அவளுக்கு வேலை போயிருக்க வேண்டும். எனக்குப் போயிருந்தது. எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் பல வருடம் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஹோட்டல் கை மாறியது. புதிய நிர்வாகம் எங்கள் எல்லோரையும் கூட்டி, கேக் வெட்டி, நாம் ஒரே குடும்பம் என்று சொன்னது. அடுத்த வாரம் குடும்பத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தது. கேக் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஹோட்டலில்தான், தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவும் பிரஷர் வாஷரை முதலில் பார்த்தேன். நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த கல்தரையை நாங்கள் மூன்று பெண்கள் முழங்காலில் நின்று பிரஷ் போட்டுத் தேய்ப்போம். ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒருவன் ஒரு மஞ்சள் மெஷினோடு வந்தான். நின்றபடியே, காதில் பாட்டு கேட்டுக்கொண்டே, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முழுத் தரையையும் வெளுத்துவிட்டுப் போனான். மேலாளர் அவனை 'சார்' என்றார். எங்களை அதுவரை அவர் எந்தப் பெயராலும் அழைத்ததில்லை.

இதை என் நாத்தனாரிடம் சொன்னேன். என் கணவரின் தங்கை. சுள்ளிக்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். தோப்பும்படியில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. அந்தக் கடையில் பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார ஸ்டூல் கேட்டதற்காக அவளையும் அந்த மாதத்தில்தான் அனுப்பியிருந்தார்கள். ஆக, ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி முழங்காலில் நின்று தேய்ந்தவள், இன்னொருத்தி காலில் நின்று தேய்ந்தவள். மெஷின் வாங்குவோம் என்று முடிவு செய்தோம்.

இடப்பள்ளியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வண்டியில் ஏற்ற உதவி வேண்டுமென்று என் கணவரையும் கூட்டிப்போனோம். அங்கேதான் தவறு நடந்தது. கடைப்பையன் எங்கள் இருவரையும் தாண்டி நேராக அவரிடம் போய் நின்றான். குழாய் முனையில் எந்த நாசிலை எதற்கு மாட்ட வேண்டும், தண்ணீர் திறக்காமல் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும், குழாயை எப்படிச் சுருட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரிடமே விளக்கினான். நான் ஒரு கேள்வி கேட்டேன். பதிலையும் அவரிடமே சொன்னான். அவர் மாநகராட்சியில் ஓடை தூர்வாரும் பிரிவில் இருப்பவர்; யார் எதை விளக்கினாலும் தலையாட்டியே பணிக்காலத்தைக் கடத்தியவர். வீட்டுக்கு வந்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நல்ல மெஷினாம்," என்றார்.

அதனால் மீதியை வீடியோக்களில் கற்றுக்கொண்டோம். அமெரிக்காவில் ஒருவர், எங்கள் தெருவைவிடப் பெரிய கொல்லையில் நின்றுகொண்டு, மிகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒரு சின்ன மூலையில் சோதித்துப் பாருங்கள் என்பார். எங்கள் வீட்டில் மொத்த இடமே அந்தச் சின்ன மூலைதான். அவருடைய குழாயில் தண்ணீர் ஆறு மாதிரி வந்தது. எங்கள் குழாயில் நூல் மாதிரி வரும், அதுவும் வரும் நாளில். மெஷின் தண்ணீர் போதாமல் இருமியது, முனகியது, பிறகு நின்றே போனது. கடைசியில் ஒரு பெரிய நீல டிரம் வாங்கி, அதை நிரப்பிவைத்து, அதிலிருந்து இழுத்தோம். அமெரிக்கர் டிரம்மைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

நாசில்கள் நிறம் நிறமாக இருந்தன. சிவப்பு நாசில் ஒற்றைக் கோடாக, ஊசி மாதிரி அடிக்கும். வெள்ளை விசிறி மாதிரி விரித்து அடிக்கும். இந்த வித்தியாசத்தை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாத்தனார் சிவப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசற்படியைக் கழுவ ஆரம்பித்தாள். படியின் விளிம்பு உடைந்து பறந்தது. பயந்துபோய்க் கையைத் திருப்பினாள். கதவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. என் கணவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அரசாங்கம் இந்த வேலையை ஏன் மண்வெட்டியால் செய்கிறது என்று இப்போது புரிகிறது என்றார்.

பிறகு அக்கம்பக்கத்தில் சில முற்றங்கள் கழுவினோம். கழுவும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. அதை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. ஒரு இடத்தைச் சுத்தம் செய்தால் அதற்குப் பக்கத்து இடத்தை அசிங்கப்படுத்தியதாக ஆகும். ஒரு வீட்டம்மா முன் முற்றத்தை மட்டும் கழுவச் சொன்னார். கழுவினோம். வெளியே வந்து பார்த்து, பக்கவாட்டு முற்றத்தை நீங்கள் அழுக்காக்கிவிட்டீர்கள் என்றார். அதைத் தொடவே இல்லை என்றோம். நேற்று இது இப்படி இல்லையே என்று அவர் உறுதியாக நின்றார். அதையும் கழுவினோம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் மதில் திடீரென்று கறுத்துவிட்டதாக எட்டிப் பார்த்தார்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியும் கேட்டார்கள். மெஷினை ஓட்டுகிற சேட்டன் எப்போது வருவார்? நாத்தனார் ஆரம்பத்தில் விளக்கம் சொன்னாள். பிறகு, அவர் கார் ஓட்டிக்கொண்டு பின்னால் வருகிறார் என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டுவிடுவாள். வேலை முடியும்வரை சிலர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டெக் வேலை வந்தது.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் பின்பக்கம், காயல் ஓரமாக, பழைய பாண்டிகசாலைகள் இருக்கின்றன. மிளகும் சுக்கும் அடுக்கிவைத்த கிடங்குகள். இப்போது அவற்றில் பாதியில் விருந்தினர்களை அடுக்குகிறார்கள். அப்படி ஒரு கிடங்கை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார் ஒரு முதலாளி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளை லினன் சட்டை, வெறுங்கால். சென்னையில் சில காலம் இருந்தவர். நாங்கள் தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் எங்களிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது இங்கேதான். நாத்தனாருக்கு மலையாளம் படிக்கிற வேகத்தில் தமிழ் படிக்க வராது. நாங்கள் மலையாளத்தில் பதில் சொன்னோம், அவர் தமிழில் கேள்வி கேட்டார். அவருடைய தமிழ் முழுக்க ஆட்டோ ஸ்டாண்டில் கற்றது. "இன்னாம்மா" என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார்.

கிடங்கின் பின்பக்கம் காயலுக்கு மேல் ஒரு மரத்தளம் நீட்டியிருந்தது. அதைத்தான் டெக் என்றார். பலகைகள் கருப்பாக, கனமாக இருந்தன. பல வருடம் பாலீஷ் மேல் பாலீஷாக அடித்து, அது வெயிலில் இளகி, மழையில் வெளுத்து, ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. மத்தியானத்தில் விருந்தினர்களின் கால் ஒட்டிக்கொள்கிறதாம். தளத்துக்குப் போகும் வாசலில் ஒரு பித்தளைத் தகடு. செருப்பைக் கழற்றுங்கள், இந்த மரம் மூன்று கடல் தாண்டி வந்தது என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

கதையை அவரே சொன்னார். இது தேக்கு. டச்சுக்காரர்களின் கப்பல் ஒன்றை உடைத்தபோது எடுத்த பலகைகள். ஒரு பழைய தறவாட்டு வீட்டின் மச்சில் இத்தனை காலமும் கிடந்து, வீட்டைப் பிரித்தபோது ஆலுவாவில் ஒரு மரக்கடைக்காரர் கைக்கு வந்து, அங்கிருந்து இவரிடம் வந்தது. மாலையில் விருந்தினர்களுக்குச் சாயா கொடுக்கும்போது தினமும் இந்தக் கதையைச் சொல்வாராம். சொல்லும்போது குனிந்து ஒரு பலகையைக் கையால் தடவினார். எங்களையும் தடவச் சொன்னார். தடவினோம். கை ஒட்டியது.

இதற்கு முன் டெக் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், சேட்டா, இந்த வருடம் மட்டுமே நிறைய என்றாள்.

வெறும் தண்ணீரை அடித்தால் பாலீஷ் போகாது. மருந்து போட்டு இளக்கித்தான் உரிக்க வேண்டும் என்று அமெரிக்கர் சொல்லியிருந்தார். அவர் காட்டிய டப்பா இங்கே எங்கும் கிடைக்கவில்லை. பள்ளுருத்தியில் கெமிக்கல் விற்கும் கடைக்காரரிடம் டப்பாவின் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, இது நம்ம காஸ்டிக் சோடா, கக்கூஸ் அடைப்புக்குப் போடுகிறதுதான் என்றார். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள் என்றும் சொன்னார். வீட்டில் ஒரு உடைந்த கட்டில் காலில் பூசிப் பார்த்தோம். வார்னிஷ் கொப்புளித்து வழிந்தது. ஆனால் கழுவத் தாமதித்ததில் மரம் கரிக்கட்டை மாதிரி கறுத்தது. பிறகு இன்னொரு வீடியோ பார்த்து, மார்பிளில் துருக்கறை எடுக்கிற ஆக்ஸாலிக் ஆசிடைக் கரைத்து ஊற்றினோம். கறுப்பு போய், கட்டில் கால் பிறந்தபோது இருந்த நிறத்துக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டோம்.

காலையிலேயே போய்விட்டோம். வெயில் ஏறினால் மருந்து காய்ந்துவிடும். தளத்தின் ஓரத்தில் சாக்குகளை அணை மாதிரி அடுக்கினோம், மருந்துத் தண்ணீர் நேராகக் காயலில் விழாதபடிக்கு. சின்ன மூலையாக, ஒரு பெரிய தொட்டிச் செடியை நகர்த்திவிட்டு, அதன் அடியில் ஆரம்பித்தோம். மருந்தைப் பூசிவிட்டுக் காத்திருந்தோம். கருப்பட்டிப் பாகு மாதிரி பாலீஷ் இளகியது. வெள்ளை நாசிலைப் போட்டு, மெஷினின் வேகத்தைக் குறைத்து, மெதுவாக அடித்தேன். பாகு ஓடியது. அடியில் மரம் தெரிந்தது.

தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக இருந்தது.

நான் நிறுத்தவில்லை. ஈரத்தில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன், அல்லது நினைக்க விரும்பினேன். பலகையின் நீளத்துக்கும் அடித்துக்கொண்டே போனேன். வெள்ளை மரம், அங்கங்கே பழுப்பு நிறத்தில் கணுக்கள், மேலெல்லாம் பஞ்சு மாதிரி நார் எழும்பியிருந்தது. குறைந்த வேகத்துக்கே நார் எழும்புகிற மரம் கப்பலாகி மூன்று கடல் தாண்டியிருக்குமா என்று யோசித்தேன். நாத்தனார் மருந்துப் பிரஷைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"மதனி, தேக்கு இப்படியாக்கும் இருக்கிறது?" என்றாள்.

எங்களுக்குத் தேக்கு தெரியும். கேரளத்தில் வீட்டுக் கதவைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் யார்? நான் அடுத்த பலகையை அடித்தேன். பாலீஷோடு சேர்ந்து, பள்ளங்களை அடைத்து மரத்தின் நிறத்தில் பூசியிருந்த மக்குப் பசையும் கரைந்து வந்தது. மக்கு போன இடத்தில் ஒரு குடை வந்தது.

கருப்பாக, சுட்டுப் பதித்த சின்னக் குடை. மேலே மழைத்துளிகள். கொஞ்சம் தள்ளி ஒரு கண்ணாடிக் கோப்பை. அதற்கும் தள்ளி, மேல்நோக்கி இரண்டு அம்புகள். அடுத்த பலகையில் ஆங்கில எழுத்தில் ஏதோ ஒரு பாஷை, அதன் கீழே கிலோகிராமில் எடை.

ஹோட்டலில் வேலை பார்த்தவள் நான். புது ஃபிரிட்ஜும் சலவை மெஷினும் வந்து இறங்கிய பெட்டிகளில் எத்தனை குடை பார்த்திருக்கிறேன். ஈரம் படக் கூடாது என்று அர்த்தம். அதன் மேல்தான் டிரம் டிரம்மாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தோம். நாத்தனார் நிறுத்தாமல் சிரித்தாள். டச்சுக்காரன் மிளகு வாங்க வந்தபோது ஃபிரிட்ஜும் கொண்டு வந்திருப்பான் என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு மனிதர் தினமும் சாயாவோடு பரிமாறுகிற கதையை நாங்கள் கழுவி ஊற்றியிருந்தோம். திருப்பி ஒட்ட முடியாது.

சத்தம் நின்றதும் முதலாளி வந்தார். தகட்டுக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்தார். பிறகு வெறுங்காலோடு ஈரத்தில் இறங்கிவந்து குடைக்கு முன்னால் நின்றார்.

"இன்னாம்மா பண்ணீங்க என் தேக்கை?" என்றார்.

நான் சொன்னேன், பாலீஷை எடுத்தோம், அடியில் இருந்தது இதுதான், இது பைன் மரம். அவர் தலையை ஆட்டினார். உங்கள் மருந்து தேக்கை வெளுக்கவைத்துவிட்டது என்றார். கணுவும் அப்படித்தான் வந்ததா என்று கேட்டேன். மருந்து என்ன வேண்டுமானாலும் செய்யும் என்றார். அப்படியானால் இந்தக் குடை என்று கேட்டேன். அவர் மெஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அது நீங்கள் இந்தக் குழாயால் வரைந்ததாக இருக்கலாமே என்றார்.

"எனக்குக் குடை வரைய வராது சேட்டா," என்றாள் நாத்தனார். "படிக்கிற காலத்துலேயே வரைச்சலுக்கு மார்க் இல்ல."

அவர் ஆலுவா மரக்கடைக்காரருக்குப் போன் போட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். கடைக்காரர் வந்து எங்களைக் குற்றவாளியாக்குவார் என்று நம்பினார் போல. கடைக்காரர் முதலில் டச்சுக் கப்பல், தறவாடு, மச்சு என்று அதே கதையை அதே வரிசையில் சொன்னார். முதலாளி குடையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கம் சாயா உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கடைக்காரர் கோபமே இல்லாமல், ஒரு குழந்தைக்கு விளக்குகிற மாதிரி, மலையாளத்தில் பேசினார்.

"சாரே, நீங்க பழைய மரம் கேட்கலை. பழசு மாதிரி இருக்கிற மரம் வேணும்னு கேட்டீங்க. இத்தனை வருஷம் பழசு மாதிரி இருந்துச்சா இல்லையா?"

முதலாளி போனை வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுதியானது: அவருக்கு இது முழுப் புதுச் செய்தி அல்ல. தேக்கின் விலை தெரியாத ஆளா அவர்? தெரிந்தும் தெரியாமல் இருப்பதற்கு ஒரு வசதி உண்டு, அந்த வசதியைத்தான் நாங்கள் கெடுத்திருந்தோம். பழைய கருப்பு நிறத்தையே திரும்ப அடித்துக் கொடுங்கள் என்றார். ஈர மரம் நிறம் பிடிக்காது, நன்றாகக் காய வேண்டும் என்றேன். புல்பாய் போட்டு மூடிவிடலாமா என்று கேட்டார். மூடினால் அழுகும் என்றேன். நான் சொன்ன எல்லாமே உண்மை என்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில் விருந்தாளி ஒருவர் காப்பிக் கோப்பையோடு வந்தார். வயதான ஜெர்மன்காரப் பெண்மணி, நரைத்த குட்டை முடி. முந்தின மாலைதான் சாயாவோடு கப்பல் கதையைக் கேட்டிருந்தார். தகட்டருகே செருப்பைக் கழற்றினார், இறங்கி வந்தார், குடையைப் பார்த்தார். முதலாளி அவருக்கும் குடைக்கும் நடுவில் போய் நிற்கப் பார்த்தார். ஆனால் குடையை மறைத்தால் இன்னொரு பக்கம் பலகையில் சுட்டிருந்த கண்ணாடிக் கோப்பை தெரிந்தது. அந்த அம்மா அவரைச் சுற்றி நடந்து, அடுத்த பலகையில் இருந்த எழுத்தைக் குனிந்து படித்தார். உரக்கச் சிரித்தார். அது அவர் பாஷை.

என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹோட்டல் சமையலறைக்கான பாத்திரம் கழுவும் இயந்திரம். கவனமாகக் கையாளவும். அனுப்பிய ஊர், தான் வளர்ந்த ஊரிலிருந்து ரயிலில் சிறிது தூரம்தான் என்றார். அங்கிருந்து கப்பலில் ஏற்றினால் எந்தெந்தக் கடல் வழியாக வரும் என்று விரல் மடக்கினார். மூன்றுக்குக் குறையாது. பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது பொய்யே இல்லை.

முதலாளியின் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு மெதுவாகத் தெளிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அம்மா, எங்கள் ஊரில் பெட்டிப் பலகையில் கட்டிய காப்பிக்கடைகளில் இடம் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அவ்வளவு போதும். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தளத்தின் உண்மையான கதையை நேற்று சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு என்று ஆரம்பித்தார். கொச்சி ஒரு துறைமுகம். இங்கே கடல் கொண்டுவந்து எறிகிற எதையும் வீணாக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இந்த மரத்துக்கு இரண்டாவது வாழ்வு கொடுத்திருக்கிறார். அந்த அடையாளங்களை வெளியே கொண்டுவருவதற்காகவே எங்களை, அதாவது இந்தத் துறையில் கைதேர்ந்தவர்களை, வரவழைத்திருக்கிறார். பேசும்போது குனிந்து குடையைக் கையால் தடவினார். அந்த அம்மாவையும் தடவச் சொன்னார்.

நாத்தனார் என் காதருகே வந்து, மதனி, நாம் கைதேர்ந்தவர்களாம் என்றாள்.

வேலையை முடித்தோம். ஆசிடைக் கரைத்து ஊற்றி, அலசி, மரம் காய்ந்ததும் எழும்பிய நாரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளிக்கு ஒரு குறை. பாதிப் பலகைகளில் ஒன்றுமே இல்லை. எழுத்துள்ள பக்கம் அடியில் போயிருந்தது. அவருக்கு இன்னும் குடைகள் வேண்டும். சிவப்பு நாசிலால் வரையச் சொல்லிக் கேட்டார். இரண்டு நாளைக்கு முன்னால் அதைத்தான் எங்கள் மேல் குற்றமாகச் சொன்னவர். மரம் கிழிந்துவிடும் என்று மறுத்துவிட்டேன். மரத்தைப் பற்றிய கவலை பாதி, அவர் கேட்டதைச் செய்யாமலிருக்கும் சந்தோஷம் பாதி.

அதற்கு அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? ஆலுவா மரக்கடைக்காரரை. அந்த மனிதர் கரியடுப்பும் இரும்பு அச்சுகளுமாக வந்து, சுட்டுச் சுட்டுப் பதித்துவிட்டுப் போனார். நாங்கள் எண்ணெய் டப்பாக்களைத் திரும்ப எடுக்கப் போன அன்று அவர் வேலையில் இருந்தார். குள்ளமான, மிகவும் இனிமையான மனிதர். எங்களைப் பார்த்ததும், மக்கை இவ்வளவு சுத்தமாக எடுத்துவிட்டீர்களே, என்ன மருந்து என்று தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி விசாரித்தார். அம்புகளில் சிலவற்றைக் காயலைப் பார்த்துப் பதித்திருந்தார். இது மேல்பக்கம் என்று அர்த்தம், இப்படி வைத்தால் தளமே கவிழ்ந்த மாதிரி ஆகாதா என்று கேட்டேன். வருகிறவர்கள் தண்ணீரைப் பார்த்துத்தானே உட்காருவார்கள், அம்பும் அங்கேயே பார்க்கட்டும் என்றார்.

தகட்டை முதலாளி மாற்றவில்லை. மாற்ற என்ன இருக்கிறது.

அந்த ஹோம்ஸ்டேயின் படங்கள் போன் போனாகச் சுற்றின. எங்களுக்கு அழைப்புகள் வந்தன. பாசி கழுவ யாரும் கூப்பிடவில்லை. எங்கள் தரையிலும் எழுத்து வர வைப்பீர்களா என்று கேட்டார்கள். ஒருவருடையது மொசைக் தரை. அதில் என்ன எழுத்து வரும் என்று கேட்டேன். நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்றார். வாஸ்து பார்க்கிறவர் மாதிரி போய்ப் பார்த்து, இந்த மூலையில் டச்சு, அந்த மூலையில் போர்த்துக்கீசு என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று நாத்தனாருக்கு ஆசை. நான் விடவில்லை.

பழம்பொருள் கடைத் தெருவிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். அவருக்கு எழுத்தெல்லாம் வேண்டாம். டெக் வேலையைப் பற்றி எங்களிடம் முழுக்க விசாரித்துவிட்டு, குறைந்த வேகத்துக்கே பைன் மரத்தில் நார் எழும்பியதே, வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். மென்மையான பாகம் பறந்து, வரிவரியாக எலும்பு மட்டும் தெரியும், நூறு வருடம் மழையில் கிடந்த மாதிரி ஆகும், அதனால்தான் கூட்டக் கூடாது என்று அமெரிக்கர் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எங்களுக்கு அது வேண்டும் என்றார்.

இப்போது எங்கள் வேலையில் பெரும்பகுதி அதுதான். கடையின் பின்முற்றத்தில் புதுக் கதவுகளைச் சாய்த்துவைப்பார்கள். நாங்கள் வேகத்தைக் கூட்டி அடிப்போம். செய்யக் கூடாது என்று படித்த எல்லாவற்றையும் வரிசையாகச் செய்வோம். காஸ்டிக்கை நேரம் போக விட்டு மரத்தைக் கறுக்க வைப்போம், ஆசிடைப் பாதியில் நிறுத்தித் திட்டுத்திட்டாக விடுவோம். கதவுகள் எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்பதில்லை. ஆலுவா வண்டிதான் கொண்டுவந்து இறக்குகிறது. கழுவிச் சுத்தம் செய்யப் புறப்பட்டவள் புதியதை அழுக்காக்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கணவரிடம் சொன்னேன். என் வேலையில் அழுக்கு அழுக்காகத்தான் இருக்கிறது, அந்த அளவில் அரசாங்கம் யோக்கியம் என்றார். நாத்தனாருக்கு இந்த மாதிரி வருத்தமெல்லாம் கிடையாது. அவள் சிவப்பு நாசிலில் கரையான் அரித்த தடம் போட்டுக் காட்டுவாள். உண்மையான கரையான் அவளிடம் பாடம் படிக்கலாம்.

போன வாரம் டெல்லியிலிருந்து ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் வெளியே போயிருந்தார். அவர்கள் சத்தம் கேட்டுப் பின்முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். சுவரில் சாய்த்த இரட்டைக் கதவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணவர் அதன் வரிகளில் விரலை ஓட்டிப் பார்த்தார். இதற்கு எத்தனை வயது இருக்கும் என்று என்னிடம் கேட்டார்.

நாத்தனார் மோட்டாரை நிறுத்தினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததால் நான் முந்திக்கொண்டேன். காலையில் வந்த கதவு, இன்னும் காயவில்லை என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்துப் புன்னகைத்தார். எங்கிருந்து வந்ததென்று இவர்களுக்கெல்லாம் சொல்லமாட்டார்கள் என்று மெல்லிய குரலில் இந்தியில் சொன்னார். பிறகு கதவைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். கடைக்காரர் திரும்பி வந்து அவர்களைச் சாயா குடிக்க உள்ளே கூட்டிப்போனார். நான் கதவை வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தேன். நாத்தனார் டிரம்மில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த கதவை இழுத்து வந்தாள்.